வெள்ளிக்கிழமை வசவு

வாலாந்தூர்,
1936, தாது வருஷம், ஆனி மாதம் 8-ந் தேதி

வில்லாபுரத்தில் இருக்கும் தங்கச்சி இருளாயிக்கு அக்காள் ஒச்சாயி எழுதிக்கொண்டது. கருப்பசாமி புண்ணியத்தில் இங்கே நானும் ஆடுகளும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகமா என்று தெரியப்படுத்தவும்.

உனக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் இதை உனக்கு வாசித்துக் காட்டுகிறவள் என் பேத்தி குப்பாயி. அடி குப்பாயி, உன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் நிறுத்தாமல் வாசி.

இருளாயி, பிள்ளையை உன் வீட்டில் விட்டது உன் மேல் உள்ள ஆசையால் இல்லை. இங்கே பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோகிறது. வாத்தியார் மூன்று தடவை வீட்டுக்கு நடந்து வந்து, இந்தப் பிள்ளையை ஆடு மேய்க்க விட்டுவிடாதே ஆத்தா என்று சொல்லிப் போனார். ரங்கூனுக்குப் போன என் மகன் முத்திருளன் இரண்டு வருஷமாகக் காகிதம் போடவில்லை. பட்டணத்தில் எனக்கு வேறு நாதி இல்லை. கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உன் வீட்டுக்காரர் வருத்தப்பட்டாராம். காரணம் உனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தால் சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர்ப் பக்கம் மணலில் வண்டி அவிழ்த்துப் போட்டிருந்தோம். என் மூத்தவன் சோணைக்கு அப்போது ஒரு வயசும் நாலு மாசமும். நீ மஞ்சள் சேலை கட்டியிருந்தாய். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, சனம் பார்க்க, "தங்கக்கட்டி கணக்கா இருக்கானே, இப்படி ஒரு பிள்ளை இந்த மதுரையிலேயே இல்லை" என்று சொன்னாய். மூன்றாம் நாள் வாந்திபேதியில் போய்விட்டான். உன் வாய் சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு அவனுக்கு முப்பது வயசு ஆகப்போகிறது.

அதற்குப் பிறகுதான், இந்த வீட்டில் எந்தப் பிள்ளையையும் யாரும் நல்ல வார்த்தை சொல்லக்கூடாது என்று வைத்தேன். அப்படியும் குப்பாயிக்கு மேலே இரண்டு தங்காமல் போயிற்று. இவளைப் பெற்றுப் போட்டுவிட்டு இவள் ஆத்தாளும் கண்ணை மூடினாள். பச்சைப் பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு, அடுத்த வீட்டு முத்துத்தாயை எடுக்கச் சொல்லி, ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கினேன். குப்பையில் கிடந்ததன் மேல் கண் விழாது. அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் இந்த ஒன்பது வருஷமும் வைதுகொண்டே வளர்த்தேன். மூதேவி என்று கூப்பிட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

நீ அவளை அழகு என்றோ கெட்டிக்காரி என்றோ ஒரு தடவை சொன்னதாக என் காதில் விழுந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப்போவேன். காலையில் எழுப்பும்போது இரண்டு வசவு, சோறு போடும்போது ஒன்று. அதற்குமேல் தேவை இல்லை.

தலைக்கு வாரம் ஒரு நாள் எண்ணெய் வைக்கவும். நெஞ்சுச் சளிக்காரி.

இப்படிக்கு,
ஒச்சாயி


வில்லாபுரம்,
ஆனி 22

அக்கா ஒச்சாயிக்குத் தங்கச்சி இருளாயி கும்பிட்டு எழுதிக்கொள்வது. சொல்லச் சொல்ல எழுதுவது குப்பாயி. நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் சுகத்துக்கு மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

உன் காகிதத்தை முழுவதும் வாசிக்கக் கேட்டேன். நீ எழுதியபடியே நான் பிள்ளையை ஒன்றும் சொல்வதில்லை. நாலாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். குறை ஒன்றும் இல்லை.

இருளாயி


வில்லாபுரம்,
ஆடி 25

அக்காவுக்கு இருளாயி எழுதிக்கொள்வது. இங்கே சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து காகிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆடிக்காற்றில் உன் ஆட்டுக்கொட்டத்துக் கூரை நிற்கிறதா?

குப்பாயி இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு நாகமணி அம்மாள் தறிக்குக் கீழே போய் உட்கார்ந்து நூல் ஓடுவதைப் பார்ப்பாள். அவர்கள் பட்டுநூல்காரர்கள், நல்ல மாதிரி. குறை ஒன்றும் இல்லை. பதில் போடவும்.

இருளாயி

அப்பத்தா, கருத்த ஆடு குட்டி போட்டுவிட்டதா? இது நானாக எழுதியது. குப்பாயி.


வில்லாபுரம்,
ஆவணி 10

அக்காவுக்கு இருளாயி. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

இன்றைக்குக் குப்பாயி தண்ணீர்க்குடத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். கிணற்றடியிலிருந்து வரும்போது, தெருவில் ஒருவன் குரங்கை ஆடவிட்டதைப் பராக்குப் பார்த்துக்கொண்டே நடந்தாள். குடம் புதுக்குடம்.

இருளாயி


வாலாந்தூர்,
ஆவணி 14

இருளாயிக்கு ஒச்சாயி எழுதியது. நான் சாகவில்லை, கூரையும் பறக்கவில்லை. உங்கள் மூன்று பேர் சுகமும் கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

குறை இல்லை என்று எழுதினாய். குறை இல்லை என்றால் நான் எதற்குப் பதில் போட வேண்டும்? வாசித்து மாடத்தில் வைத்துவிட்டேன். இப்போது குடம் உடைந்தது என்றதும் கை தானாக எழுதுகிறது. தபால்காரன் தெருமுனை தாண்டுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அடி குப்பாயி, கூறுகெட்ட கழுதை. உனக்குக் கண் முகத்தில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா? குரங்கைப் பார்க்க நீ வில்லாபுரம் போக வேண்டுமா, கண்ணாடியில் தெரியாதா? சும்மாடு வைக்காமல்தான் குடத்தைத் தூக்கியிருப்பாய். மூட்டையில் பழைய சேலைத்துண்டு நாலாக மடித்து வைத்துக் கொடுத்தேனே, அதை என்ன செய்தாய், பொம்மைக்குக் கட்டினாயா? ஓடு காலில் குத்தியதா இல்லையா என்று ஒருவரும் எழுதவில்லை. குத்தியிருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் போடச் சொல். குத்தவில்லை என்றால் குத்தியிருக்க வேண்டும்.

கருத்த ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று உன்னைப் போலவே. கூப்பிட்டால் வராது, கூப்பிடாவிட்டால் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதையும் வைதுகொண்டிருக்கிறேன். நீ போனதிலிருந்து வாய்க்கு வேலை இல்லாமல் அதுதான் அகப்பட்டது.

கொல்லைக் கடலை பிடுங்கியதும் ஒரு படி அனுப்புகிறேன். ஒரே நாளில் தின்று வயிற்று வலி என்று கத்தாதே, தீனிப்பண்டாரம்.

இருளாயி, குடத்துக்காக அவளை நீ வைதாயா? வைதிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒச்சாயி


வில்லாபுரம்,
புரட்டாசி 3

அக்கா ஒச்சாயிக்கு இருளாயி எழுதிக்கொள்வது. கடலை வந்தது. எல்லோரும் சுகம்.

உன் வசவைக் குப்பாயி நிறுத்தாமல் வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். ஆனாலும் புத்தி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் சூடாமணி என்கிற பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்துபோயிற்று. டீச்சர் இவளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். ஏன் கடித்தாய் என்றால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். இதற்கு அப்பத்தா என்ன சொல்லப் போகிறாய்? சீக்கிரம் எழுதவும். பெரிய காகிதமாக எழுதவும்.

இருளாயி


வாலாந்தூர்,
புரட்டாசி 7

இருளாயிக்கு ஒச்சாயி. சுகம் கேட்கும் நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டேன்.

காகிதம் வந்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கிருந்து போன பிள்ளை ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாதவள். பட்டணம் போய்ப் பல்லை நீட்டுகிறாள் என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நீ புகழ்கிறாய். மூடி மூடிப் புகழ்கிறாய். ராசாத்தி என்கிறாய், ரத்தினம் என்கிறாய். அதுதான் தலைக்கு ஏறி ஆளைக் கடிக்கச் சொல்கிறது.

புகழ்ச்சி என்ன செய்யும் என்பதற்கு உன்னைவிட வேறு ஆள் வேண்டுமா? நம் அம்மா உன்னைக் கிளி என்றாள், என்னைக் கருவாச்சி என்றாள். என்னை வைத வாய்க்கு அடங்காமல், மிஷன் அம்மா மரத்தடியில் சொல்லிக்கொடுத்த எழுத்தைச் சாணி தட்டிக்கொண்டே கற்றேன். உன்னைக் கிளி என்று சொல்லிச் சொல்லி நிழலில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கு ஐம்பது வயசில், ஒன்பது வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுகிறாய். அம்மா சாகும்போது காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றி உனக்குத்தானே கொடுத்தாள்? காது வளர்த்தவள் நான், போட்டுக்கொண்டவள் நீ. அதை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக மறந்தேன் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. அவள் செய்த குற்றத்தை அவள் கையாலேயே எழுத வைக்கிறாய். நான் வைவேன். ஆனால் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டேன்.

அடி குப்பாயி, வெறிநாய்க்குப் பிறந்தவளே, யாருடைய கை அது, கரும்பா? அந்தப் பிள்ளை உன்னை என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. குப்பை என்று சொன்னாளா? சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பெயருக்கு ஒரு முறம் தவிடு கொடுத்திருக்கிறேன். காகிதத்தில் என்னை அப்பத்தா என்று எழுதியிருக்கிறாய். இருளாயிக்கு நான் அப்பத்தாவா? சொன்னதைச் சொன்னபடி எழுதத் தெரியாத கழுதைக்கு நாலாம் வகுப்பு ஒரு கேடா? ராத்திரியில் இருமுகிறாயா? அதையும் ஒருவரும் எழுதுவதில்லை.

இன்னொரு தடவை இப்படி ஒரு காகிதம் வந்தால் படிப்பும் வேண்டாம் பட்டணமும் வேண்டாம், வந்து இழுத்துக்கொண்டு போவேன்.

ஒச்சாயி


வில்லாபுரம்,
ஐப்பசி 10

அக்காவுக்கு இருளாயி. சுகம்.

குப்பாயி இந்தத் தடவை பெரிய தப்புச் செய்துவிட்டாள். நாகமணி அம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில், கத்தரிக்கோலை எடுத்துத் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலை அறுத்துவிட்டாள். ஒரு முழ அகலத்துக்கு இழையெல்லாம் தொங்குகிறது. அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. இனி என்ன செய்வது? நீ வருவாயா?

இருளாயி


வாலாந்தூர்,
ஐப்பசி 14

வில்லாபுரத்தில் தறி போட்டிருக்கும் நாகமணி அம்மாளுக்கு, இருளாயியின் அக்காள், வாலாந்தூர் ஒச்சாயி எழுதிக்கொண்டது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இந்த வார்த்தையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் உங்களைப் பார்த்ததில்லை. என் பேத்தி குப்பாயி உங்கள் தறியில் பாவை அறுத்துவிட்டாள் என்று காகிதம் வந்தது. நாங்கள் மண்ணைக் கிளறிப் பிழைக்கிறவர்கள். ஆனாலும், பால் பிடித்த பயிரில் மாட்டை விட்டது போன்ற காரியம் இது என்று தெரியும். எங்கள் வழக்கத்தில், பிள்ளை செய்த சேதத்துக்குப் பெரியவர்கள் சேதப்பட்டவர் வாசலில் போய் நின்று குற்றம் கட்ட வேண்டும். கார்த்திகை ஒன்றாம் தேதி வருகிறேன். குட்டி போட்ட கருத்த ஆட்டைக் குட்டிகளோடு ஓட்டி வந்து உங்கள் வாசலில் கட்டுகிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளவும்.

அன்றைக்கே அவளையும் கூட்டி வந்துவிடுவேன். படித்தது போதும். இனி ஆடு மேய்க்கட்டும். அதுவரைக்கும் அவளைத் தறிக்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். அடிக்க நினைத்தால் அடிக்கவும். முகத்தில் வேண்டாம்.

நான் வருவதை இருளாயியிடம் நீங்களே சொல்லிவிடவும். அவளுக்கு எழுத எனக்கு மனம் இல்லை.

ஒச்சாயி


வில்லாபுரம்,
ஐப்பசி 19

அக்கா ஒச்சாயிக்குத் தங்கச்சி இருளாயி எழுதிக்கொள்வது. இதை எழுதுவது குப்பாயி இல்லை. பக்கத்து வீட்டு நாகமணி அம்மாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நாங்கள் உடம்புக்குச் சுகம்.

உன் காகிதத்தைத் தபால்காரர் நாகமணியின் கையில் கொடுத்தார். வாசித்துவிட்டு ஒன்றும் புரியாமல் என்னிடம் ஓடி வந்தாள். அவள் தறியில் ஒரு இழைகூட அறுந்ததில்லை அக்கா. பாவு அப்படியே இருக்கிறது. சூடாமணி நாகமணியின் தம்பி மகள்தான். கூப்பிட்டுக் கேட்டோம். கையை நீட்டிக் காட்டினாள், ஒரு தழும்பும் இல்லை. அவளும் குப்பாயியும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவர்கள். குடம் உடைந்தது மட்டும்தான் நிஜம். அதையும் நான் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது, குறை ஒன்றும் இல்லை என்பதுதான். மற்றது எல்லாம் அவளாக எழுதியது. முதல் காகிதத்துக்குப் பிறகு நீ போட்ட இரண்டிலும், எல்லோரும் சுகம் என்பதை மட்டும் எனக்கு வாசித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டாள்.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உன் காகிதம் மூன்றும் பாவாடைக்கு அடியில் இருந்தது. மடித்த இடமெல்லாம் நைந்துபோயிருக்கிறது. நாகமணி அப்போதுதான் சொன்னாள். தறிக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஏதோ வாசிப்பது கேட்குமாம். பாடம் படிக்கிறாள் என்று விட்டுவிட்டாளாம். உன் வசவை உன் குரலிலேயே வாசித்திருக்கிறாள். கண் முகத்தில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "மூஞ்சியிலதான் இருக்கு அப்பத்தா" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாளாம்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். அவள் சொன்னதை நாகமணியை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"குறை இல்லைன்னு எழுதினா அப்பத்தா பதில் போட மாட்டேங்குது. குடம் உடைஞ்சப்பதான் அம்புட்டுப் பெரிய காகிதம் போட்டுச்சு. நீ வையவும் மாட்டேங்கிற, நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டேங்கிற. நான் இந்த வீட்டுல இருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியல சின்னப்பத்தா."

அக்கா, நான் புகழ்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நேற்றுத்தான் நாகமணி அதை வாசித்துச் சொன்னாள். அந்த மணலில் சொன்னதற்குப் பிறகு, இருபத்தெட்டு வருஷமாக ஒரு பிள்ளையையும் நான் வாய் திறந்து நல்லது சொன்னதில்லை. எனக்கு வயிறு திறக்காததும் அந்த வாய்க்குக் கிடைத்த கூலி என்றே இருந்தேன். தெருவில் கைப்பிள்ளைக்காரி எதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போவேன். காலாண்டுப் பரீட்சையில் முதலாவதாக வந்தேன் என்று குப்பாயி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். அதை வாங்கினேன், திருப்பிக் கொடுத்தேன், அரிசி களையப் போய்விட்டேன். பயம் அக்கா. வைவதற்கும் எனக்கு வராது. நான் வையப்பட்டு வளர்ந்தவள் இல்லையே. அதனால் இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தேன்.

கூட்டிப்போவது உன் இஷ்டம். கூட்டிப்போனாலும் ஆடு மேய்க்க விட்டுவிடாதே. இதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

இருளாயி

அம்மா, நாகமணி வணக்கம் சொல்வது. எங்கள் வீட்டில் பேச்சு வேறு, தமிழில் பிழை இருந்தால் பொறுக்கவும். தறி நன்றாக ஓடுகிறது. ஆடு வேண்டாம். பிள்ளையை அடிக்கவில்லை.


வாலாந்தூர்,
கார்த்திகை 9

இருளாயிக்கு ஒச்சாயி எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் உயிருக்கு ஒன்றும் இல்லை.

இதை நாகமணி அம்மாள் வாசிக்க வேண்டாம். அவர்கள் மேல் குறை இல்லை. குப்பாயி வாசிக்கட்டும். அடி, ஒரு எழுத்து விடாமல் வாசி. விழுங்குவதில் நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒன்றாம் தேதி வருவதாக எழுதியிருந்தேன். மூட்டையோடு ரயிலடி வரை வந்து உட்கார்ந்தேன். வண்டி வந்தது, நின்றது, போனது. மறுநாளும் போனேன். அன்றைக்கும் ஏறவில்லை. வந்தால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தால் எனக்கு வசவுதான் வரும். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுதியதை இரண்டு தடவை அடுப்பில் போட்டேன்.

எனக்கு எதுவும் மறக்காது என்று ஊருக்கே தெரியும். யார் எந்த நாளில் எந்தச் சேலை கட்டிக்கொண்டு என்ன சொன்னார்கள் என்பதுவரை சொல்வேன். ஆனால் அந்தத் திருவிழாவில் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வண்டி வருவதற்கு முன்னாலேயே, முதல் நாள் பகலிலேயே சோணைக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. மூன்று துணி மாற்றினேன். என் மாமியார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பு என்றாள். அழகரைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று நான்தான் நின்றேன். துணியை ஆற்றில் அலசினேன். அதே ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி அவனுக்குக் குடிக்கக் கொடுத்தேன். மறுநாள் நீ வந்து தூக்கினாய். "என்னக்கா, உடம்பு இப்படிச் சுடுது" என்று கேட்டாய். வெயில் என்று சொன்னேன். அவன் அழுதான். அழுகையை நிறுத்தத்தான் நீ தங்கக்கட்டி என்றாய்.

நீ கேட்டதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன் வாய் அவனைக் கொண்டுபோகவில்லை இருளாயி. உன் வாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், என் கையைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம். அதற்காகச் சொன்னேன். முதலில் ஊருக்குச் சொன்னேன், பிறகு நானே நம்பினேன். உனக்கும் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

இதற்காக நீ என்னை வைய நினைத்தால் வைது எழுதச் சொல். உனக்கு வராது என்கிறாய். பிள்ளை சொல்லித் தருவாள். தண்டட்டி வழக்கு வேறு. அது அப்படியே நிற்கிறது.

குப்பாயி உன் வீட்டிலேயே இருக்கட்டும். எதுவரைக்கும் வகுப்பு இருக்கிறதோ அதுவரைக்கும் படிக்கட்டும். ஆனால் நீ அவளைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிப் பார்க்க வேண்டும். எனக்கு அது வராது, இந்த வயசுக்கு மேல் நாக்கு வளையாது. உனக்கு வரும். கேட்டு வளர்ந்தவள். கண் விழுமே என்று பயந்தால் நான் இங்கே மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். ஆளில்லாமல் எப்படிச் சுற்றுவது என்று கேட்காதே. அவளைப் போல ஒரு ஆட்டுக்குட்டி இருக்கிறது, அதை நிறுத்தி வைத்துச் சுற்றுகிறேன்.

அடி குப்பாயி, பொய்க்காரக் கழுதை, கடிக்காத கையைக் கடித்தேன் என்றும் அறுக்காத பாவை அறுத்தேன் என்றும் எழுத உனக்கு என்ன நெஞ்சழுத்தம். நான் அந்த அம்மாளுக்கு எழுதிய காகிதத்தை நினைத்தால் இன்னும் முகம் எரிகிறது. கேட்டுக்கொள். வாராவாரம் வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு ஒரு கார்டு போடுவேன். குடத்தை உடைத்தாலும் வைவேன், உடைக்காவிட்டாலும் வைவேன். முதலாவதாக வந்தாலும் வைவேன். அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றும் செய்யாமலே அது உனக்கு உண்டு.

ஒச்சாயி


வில்லாபுரம்,
கார்த்திகை 22

அப்பத்தாவுக்குக் குப்பாயி எழுதுவது. இது சின்னப்பத்தா சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன். எல்லோரும் சுகம். எனக்கு இருமல் இல்லை.

உன் காகிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். என்னக்கா உடம்பு இப்படிச் சுடுது என்று வருகிற இடத்தில் சின்னப்பத்தா நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். நாலு தடவை வாசித்தேன். அப்புறம் "கேட்டேன், ஆமா, கேட்டேன்" என்று சொன்னாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. உன்னை வைது எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், அக்கா சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டு எழுது என்றாள். சாப்பிட்டாயா?

மறுநாள் நான் பாடம் வாசிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நல்லா வாசிக்கிறடி தாயி" என்று சொன்னாள். சொன்ன உடனே பயந்து வாசலுக்கு ஓடி மூன்று தடவை துப்பினாள். என்னையும் துப்பச் சொன்னாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. இன்றைக்கு மறுபடியும் சொன்னாள். இன்றைக்கு ஒரு தடவைதான் துப்பினாள்.

நாகமணி அத்தையிடம் நான் போய் நின்றேன். பாவை அறுத்ததாக எழுதினேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, கத்தரிக்கோலை மேல் பலகையில் வைத்துவிட்டாள்.

இந்த வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நீ போட்ட கார்டு சனிக்கிழமை வந்துவிட்டது. எருமை, சோம்பேறி, எண்ணெய் வைக்காத தலை என்று ஆறு வரி இருந்தது. கீழே நாலு விரல் அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் அதையும் நிரப்பி எழுதவும்.

குப்பாயி